அமைச்சருக்கும் ஊழியருக்கும் கேபிஐ: எண்ணிப் பார்ப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்வோம்

புதிய அமைச்சரவை பதவியேற்கும்போதெல்லாம் மலேசியாவில் ஒரு கோரிக்கை தவறாமல் எழுகிறது. அமைச்சர்களுக்கு அடைவுநிலைக் குறியீடு, அதாவது கேபிஐ, வைக்க வேண்டும் என்பதே அது. 2009 ஏப்ரலில் பிரதமரான நஜிப் துன் ரசாக், மக்களுக்கு முன்னுரிமை, அடைவுநிலைக்கு முதன்மை என்ற முழக்கத்தோடு இதை அரசின் கொள்கையாகவே ஆக்கினார். 2021 ஆகஸ்டில் பொறுப்பேற்ற இஸ்மாயில் சப்ரி யாக்கோப், முதல் 100 நாளிலேயே பலனைக் காட்டும்படி தம் அமைச்சர்களைக் கேட்டுக்கொண்டார். ஆண்டுதோறும் ஜனவரியில் தம் பணி இலக்குகளை எழுதிக் கையொப்பமிடும் ஓர் அரசு ஊழியர், தமக்குள்ள கணக்கு அமைச்சருக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் கேபிஐ வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. இலக்கு வைத்து அளக்கும் முறைகள் பல உண்டு. அவற்றின் விளைவுகளும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. ஒவ்வோர் அமைச்சருக்கும் இலக்கு வைத்துப் பிரதமர் துறையே மதிப்பெண் போடுவது ஒரு வழி. மலேசியா 2009-க்குப் பின் அதைத்தான் செய்தது. மிகச் சில இலக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு பிரதமரே விடாமல் துரத்துவது இன்னொரு வழி. பிரிட்டன் 2001-இல் அதைத் தொடங்கியது. அமைச்சர்கள் அனைவரின் ஊதியத்தையும் நாட்டின் பொதுவான பொருளாதாரக் குறியீடுகளோடு கட்டிவைப்பது சிங்கப்பூர் 2012 முதல் பின்பற்றும் வழி. எண்களை விட்டுவிட்டு, மேலதிகாரியின் தீர்ப்பையும் நாடாளுமன்றத்தின் கேள்வியையும் மட்டும் நம்பியிருப்பது நான்காவது வழி. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று: இலக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, அதை எட்டியாயிற்றா என்று எண்ணிப் பார்ப்பவர் யார், அந்த எண்ணிக்கையின் மீது எவருடைய சம்பளமும் பதவியும் தொங்குகின்றன என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஊழியர்களிடமிருந்து தொடங்குகிறேன். அமைச்சர்களுக்குச் சொல்லப்படும் மருந்து முதலில் அவர்களிடம்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது.

மலேசிய அரசுப் பணியில் 1992-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய முறை, ஆண்டு மதிப்பீட்டையும் சம்பள உயர்வையும் நேரடியாக இணைத்தது. அதுவரை எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு படி ஏறிய சம்பளம், அதன்பின் மதிப்பெண்ணைப் பொறுத்து அப்படியே நிற்கலாம், வழக்கம்போல் ஒரு படி நகரலாம், அல்லது அதற்கு மேலும் தாவலாம் என்று ஆனது. எண்ணம் நல்லதுதான். உழைப்பவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே உயர்வு என்பது உழைப்பவரைத்தான் சோர்வடையச் செய்யும். ஆனால் மேல்படிக்குத் தாவும் வாய்ப்பு ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு சிலருக்கு மட்டுமே இருந்ததால், அந்தச் சிலர் யார் என்பது பல இடங்களில் அதிகாரியின் விருப்பு வெறுப்பைப் பொறுத்தது என்ற மனக்குறை பரவியது. அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் இந்த முறையைத் தொடர்ந்து எதிர்த்தது. 2002 நவம்பரில் வேறோர் ஊதிய முறை அதன் இடத்தைப் பிடித்தது.

ஆயினும் ஆண்டு இலக்குப் படிவம் மறையவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஊழியரும் அவருடைய முதல் மதிப்பீட்டு அதிகாரியும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த ஆண்டு செய்து முடிக்க வேண்டிய பணிகளையும் அவற்றுக்கான அளவுகோலையும் எழுதுகிறார்கள். ஆண்டின் நடுவில் அதைத் திரும்பப் பார்த்து, கைவிட வேண்டியதைக் கைவிட்டு, புதிதாக வந்ததைச் சேர்க்கிறார்கள். டிசம்பரில் இருவரும் முடிவை எழுதுகிறார்கள். அதன்பின் இரண்டாவது அதிகாரி ஒருவரும் மதிப்பெண் இடுகிறார். இந்தப் படிவத்தில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது டிசம்பர் மதிப்பெண் அன்று, ஆண்டு நடுவில் நடக்கும் அந்தத் திருத்தம்தான். ஜனவரியில் எழுதியது ஜூனில் பொருந்தவில்லை என்றால், அதை இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மாற்றுவதற்கு அதில் இடம் இருக்கிறது. அமைச்சர்களுக்கு வைக்கப்பட்ட இலக்குகளில் பெரும்பாலும் இல்லாமல் போனது இதுவே. பல அலுவலகங்களில் இந்தத் திருத்தம் பேச்சே இல்லாமல் கையொப்பத்தோடு முடிந்துவிடுவது வருத்தத்துக்குரியது. முறையில் இருக்கும் நல்ல பகுதியை நாமே வெறும் தாளாக்கிவிடுகிறோம்.

சம்பளத்தையும் வேலையையும் எண்ணோடு இறுகக் கட்டிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைவிட முழுமையான சான்று கிடையாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அந்த வங்கியின் இலக்கு. கிளை ஊழியர்கள் அன்றாடம் எத்தனை விற்றார்கள் என்று மேலாளர்களால் கண்காணிக்கப்பட்டார்கள். எட்ட முடியாத அந்த எண்ணை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். இருக்கும் கணக்கிலிருந்து பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிக் காட்டினார்கள். இணையச் சேவையில் சேர்ப்பதற்காக இல்லாத மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி எழுதினார்கள். 2016 செப்டம்பரில் அமெரிக்க அதிகாரிகள் 18.5 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகளும் கடன் அட்டைகளும் ஏறத்தாழ 20 லட்சம் எனக் கணக்கிடப்பட்டது. சில ஆண்டுகளில் வேலையிழந்த ஊழியர்கள் ஏறத்தாழ 5,300 பேர். அடுத்த மாதமே தலைமை நிர்வாகியும் பதவி விலகினார்.

வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சம்பளக்காரர்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் புதிதாகத் திறந்த கணக்குகளில் பணம் புழங்குகிறதா என்று தலைமையகத்தில் ஒருவர் முனைந்து பார்த்திருந்தால், தொடக்கத்திலேயே இது வெளிப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியவர்களின் ஊக்கத்தொகையும் பங்கு விலையும் அதே எண்ணின் மீது நின்றதால், அதைக் கிளறிப் பார்ப்பதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. செய்பவர், எண்ணுபவர், அந்த எண்ணால் பயன் பெறுபவர் ஆகிய மூவரும் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது மிகத் தீவிரமான உதாரணம். அமைச்சரவைக்கு வரும்போதும் நாம் தேட வேண்டியது இதே அமைப்பைத்தான்.

இனி 2009-இன் மலேசிய முறைக்கு வருவோம். அடைவுநிலை நிர்வாகத்துக்கென்றே பிரதமர் துறையில் ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்பை கோ சூ கூன் ஏற்றார். மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த இட்ரிஸ் ஜாலா, செனட்டராகவும் அமைச்சராகவும் ஆக்கப்பட்டு, பெமாண்டு எனப்படும் அடைவுநிலை மேலாண்மைப் பிரிவுக்குத் தலைவரானார். 2010 ஜனவரியில் வெளியான அரசாங்க உருமாற்றத் திட்டம் ஆறு துறைகளைத் தேர்ந்தெடுத்தது: குற்றத் தடுப்பு, ஊழல் ஒழிப்பு, மாணவர் அடைவுநிலை, வருமானம் குறைந்த குடும்பங்களின் வாழ்க்கைத் தரம், கிராமப்புற அடிப்படை வசதிகள், நகரப் பொதுப் போக்குவரத்து. பின்னர் வாழ்க்கைச் செலவினம் ஏழாவதாகச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அமைச்சர் யார் என்று பெயர் சொல்லி அறிவித்ததும், ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டதும், பொதுமக்கள் வந்து பார்த்துக் கேள்வி கேட்கத் திறந்த நாள்கள் நடத்தியதும் அதற்கு முன் இந்நாட்டில் நடக்காதவை. இந்த நற்பெயரை அந்த முயற்சிக்குக் கொடுத்துவிட்டுத்தான் குறைகளைப் பேச வேண்டும்.

அந்தத் துறைகளில் கிராமப்புற வசதிகள் தனித்து நிற்கின்றன. சபா, சரவாக் மாநிலங்களின் உட்பகுதிகளுக்குச் சாலை, குழாய்நீர், மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டுசெல்வதே அங்கு இலக்கு; கிலோமீட்டரும் வீடுகளின் எண்ணிக்கையும் அளவுகோல். சாலை போடப்பட்டதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதை, பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் அங்குள்ள நீண்ட வீட்டில் குடியிருப்பவரே பார்த்துச் சொல்லிவிடலாம். அறிக்கையில் பொய் எழுதினால் அதை மறுக்க அங்கே ஓர் ஊரே இருக்கிறது. பணம் அமைச்சின் கையில் இருந்தது, வேலையும் அமைச்சின் கையில் இருந்தது, எண்ணிக்கை மட்டும் மக்கள் கண்ணெதிரே இருந்தது. இலக்கு முறை நன்றாக வேலை செய்வதற்கு வேண்டிய மூன்றும் அங்கே ஒன்றாகப் பொருந்தியிருந்தன.

குற்றத் தடுப்பில் நிலைமை வேறு. குறியீட்டுக் குற்றங்கள் எனப்படும் பட்டியலிட்ட குற்றங்கள் 2010-இல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 15 விழுக்காடும், வழிப்பறி போன்ற தெருக் குற்றங்கள் ஏறத்தாழ 35 விழுக்காடும் குறைந்தன என்று அதிகாரபூர்வக் கணக்கு காட்டியது. இலக்கை இது வெகுவாக விஞ்சிய சாதனை. ஆனால் தம் வீட்டுக் கதவுக்கு இரும்புக் கிராதி போட்டுக்கொண்டிருந்த மக்களின் அச்சம் அந்த அளவுக்குக் குறையவில்லை. உண்மைக்கும் மக்களின் எண்ணத்துக்கும் இடைவெளி இருக்கிறது என்று அரசுத் தரப்பே அடிக்கடி விளக்கம் கூற நேர்ந்தது. சில குற்றங்கள் பட்டியலுக்கு வெளியே உள்ள பிரிவுகளில் பதிவாகின்றன என்ற குற்றச்சாட்டை எதிர்க்கட்சியினர் எழுப்பினர்; அரசு மறுத்தது. யார் சொன்னது சரி என்பதில் இங்கே நான் தீர்ப்புக் கூற வரவில்லை. புகாரைப் பதிவு செய்வதும், அதை எந்தப் பிரிவில் சேர்ப்பதும், குற்றம் குறைந்தால் பாராட்டுப் பெறுவதும் ஒரே துறை என்றால், உண்மையாகவே குறைந்திருந்தாலும் அதை நம்பவைப்பதற்கு அந்தத் துறையிடம் வழியில்லை. வெயிலில் சுற்றுக்காவல் போன காவலருக்கும் இது அநீதிதான்.

பெமாண்டுவின் எண்களை வெளியார் சரிபார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் கணக்காய்வு நிறுவனம் இலக்குகள் சிலவற்றை எடுத்துச் சோதித்தது. வெளிநாட்டு வல்லுநர் குழுவும் ஆண்டு இறுதியில் அழைக்கப்பட்டது. ஆனால் அத்தகைய சோதனை, அறிக்கையில் உள்ள எண்ணும் துறை கொடுத்த ஆவணத்தில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். அந்த ஆவணம் எழுதப்பட்ட மேசையில் என்ன நடந்தது என்பதை அது பார்க்காது.

ஊழல் ஒழிப்பில்தான் இந்த முறையின் ஆழமான ஓட்டை தெரிந்தது. தகவல் அளிப்போரைப் பாதுகாக்கும் சட்டம் 2010-இல் வந்தது. ஊழல் வழக்குகளுக்கென்று சிறப்பு நீதிமன்றங்கள் அமைந்தன. தண்டனை பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் வெளியிடப்பட்டது. பட்டியலில் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கப்பட்டன, அவற்றில் பல நல்ல வேலைகளும்கூட. அதே 2009-இல்தான் அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி உருவாகியிருந்தது. அதிலிருந்து 350 கோடி டாலருக்கு மேல் முறைகேடாக எடுக்கப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை 2016 ஜூலையில் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனத்தைப் பற்றித் தலைமைக் கணக்காய்வாளர் தயாரித்த அறிக்கை, 2016-இல் அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின்கீழ் பூட்டப்பட்டு, 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகே வெளியிடப்பட்டது. 1எம்டிபியோடு தொடர்புடைய எஸ்ஆர்சி நிறுவன வழக்கில் நஜிப் 2020 ஜூலையில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் சிறை சென்றார்.

ஆகவே, ஊழலை எண்ணிப் பார்க்கத் தகுதியுள்ள ஒருவர் நாட்டில் இருந்தார், அவர் எண்ணியும் பார்த்தார். அவருடைய கணக்கைப் பூட்டிவைக்கும் அதிகாரம், கணக்குக் கேட்கப்பட வேண்டியவர்களிடமே இருந்தது. அமைச்சர்களின் அடைவுநிலையைப் பிரதமர் துறை அளக்கலாம். பிரதமரின் அடைவுநிலையை அளப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த முறையில் இடமே இல்லை. இட்ரிஸ் ஜாலாவின் திறமையோ அவருடைய குழுவினரின் உழைப்போ இதில் குறைந்துபோகவில்லை. அவர்கள் நின்ற இடம் அப்படி.

இந்தியாவிலும் அதே 2009-இல் அமைச்சரவைச் செயலகம் முடிவுக் கட்டமைப்பு ஆவணம் என்றொரு முறையைக் கொண்டுவந்தது. அமைச்சரும் துறைச் செயலாளரும் ஆண்டு இலக்குகளில் கையொப்பமிடுவார்கள். ஆண்டு முடிவில் மதிப்பெண் கணக்கிடப்படும். ஏறத்தாழ 80 துறைகள் வரை அது பரவி, 2014-இல் ஆட்சி மாறியபின் வழக்கொழிந்தது. சட்டத்தில் வேரில்லாமல் ஒரு பிரதமரின் அலுவலகத்தில் மட்டும் வாழும் முறைகள் அந்தப் பிரதமரோடு போய்விடுகின்றன. பெமாண்டுவும் 2018-ஐத் தாண்டி அரசில் நிலைக்கவில்லை.

பிரிட்டிஷ் வழி இதற்கு மூத்தது, பல வகையில் பெமாண்டுவுக்கு முன்மாதிரியும்கூட. டோனி பிளேர் 2001-இல் இரண்டாம் முறை வென்றதும், மைக்கேல் பார்பர் தலைமையில் பிரதமரின் நிறைவேற்றப் பிரிவு ஒன்றை அமைத்தார். சுகாதாரம், கல்வி, உள்துறை, போக்குவரத்து ஆகியவற்றில் மட்டும் ஏறத்தாழ 20 இலக்குகள். சில பத்துப் பேர் கொண்ட சிறு குழு. சில வாரங்களுக்கொரு முறை அமைச்சரை எதிரில் உட்காரவைத்துப் பிரதமரே வரைபடங்களைப் பார்க்கும் கூட்டம். இதன் பலனை மறுக்க முடியாது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அறுவைச் சிகிச்சைக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர். 2005-க்குள் அந்த நீண்ட வரிசை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. நிதி அதேபோல் கூடியும், இலக்கின் நெருக்குதல் அந்த அளவுக்கு இல்லாத வேல்ஸில் காத்திருப்பு அப்படிக் குறையவில்லை. மூட்டு வலியோடு ஓராண்டைக் கழித்த ஒரு முதியவருக்கு இது எண் விளையாட்டு அன்று. அவருக்கு ஓராண்டு வாழ்க்கை திரும்பக் கிடைத்திருக்கிறது.

அதே இலக்குகள் வேறிடத்தில் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். குடும்ப மருத்துவரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிய வேண்டும் என்பது ஓர் இலக்கு. 2005 ஏப்ரலில், தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளராக இருந்த ஒரு தாய் எழுந்து, தம் மகனுக்கு ஒரு வாரம் கழித்து வரும்படி மருத்துவர் சொன்னதாகவும், ஆனால் இலக்கைக் காப்பாற்றுவதற்காக 48 மணி நேரத்துக்கு அப்பால் எந்த முன்பதிவும் கிடையாது என்று மருத்துவமனை மறுத்துவிட்டதாகவும் பிளேரிடம் நேருக்கு நேர் சொன்னார். பிளேர் திகைத்துப் போனார். அப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. வாரக்கணக்கில் வரைபடங்களைப் பார்த்த பிரதமருக்குத் தெரியாதது, ஒரு தாய்க்குத் தெரிந்திருந்தது. அந்த வரைபடத்தில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

அவசரப் பிரிவில் எவரும் நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்ற இலக்கு இன்னும் கடுமையானது. நோயாளிகள் எத்தனை மணிக்கு வெளியேறினார்கள் என்று வரைந்தால், நான்காம் மணி முடிவதற்குச் சற்று முன் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. கடைசி நிமிடங்களில் நோயாளிகள் அவசர அவசரமாக வார்டுக்கு மாற்றப்பட்டார்கள். ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் குடிநீர்கூட இல்லாமல், அழுக்குத் துணியோடு விடப்பட்டதை விசாரித்த ஃபிரான்சிஸ் குழு, நிர்வாகத்தின் கவனம் முழுவதும் இலக்குகளிலும் நிதிக் கணக்கிலும் இருந்ததைக் கண்டித்து 2013-இல் அறிக்கை தந்தது. நோயாளிகள் அவசரப் பிரிவிலிருந்து வெளியேறிய நேரத்தை மாற்றி எழுதியதற்காக அந்த மருத்துவமனையின் இரு செவிலியர்கள் அதே ஆண்டில் செவிலியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். வெல்ஸ் ஃபார்கோ கிளையில் நடந்ததற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடே இல்லை. நேரத்தைக் குறித்தவரும் நேரத்துக்காகத் தண்டிக்கப்படக்கூடியவரும் ஒருவரே. மேலே உள்ள பிரதமர் எவ்வளவு நேர்மையாகத் துரத்தினாலும், கீழே பேனா பிடிப்பவர் அச்சத்தில் இருந்தால் எண் கெட்டுவிடுகிறது.

சிங்கப்பூர் வேறொரு திசையில் போனது. ஜெரார்ட் ஈ தலைமையிலான குழு 2012 ஜனவரியில் அளித்த பரிந்துரைகளின்படி, முன்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு மட்டும் இணைந்திருந்த அமைச்சர்களின் ஊக்கத்தொகை, தேசிய ஊக்கத்தொகையாக மாறி நான்கு குறியீடுகளைச் சார்ந்ததாயிற்று: நடுத்தர வருமானத்தின் உண்மை வளர்ச்சி, அடிமட்ட 20 விழுக்காட்டினரின் வருமான வளர்ச்சி, வேலையில்லாதோர் விகிதம், பொருளாதார வளர்ச்சி. இலக்கை எட்டினால் மூன்று மாதச் சம்பளம், உச்ச அளவு ஆறு மாதம். இதன் பலம் என்னவென்றால், இந்த நான்கு எண்களும் குறித்த தேதியில் உலகறிய வெளியாகின்றன. முதலீட்டாளர்களும் ஆய்வாளர்களும் அவற்றை நம்பி முடிவெடுப்பதால், தன் ஊக்கத்தொகைக்காக எந்த அமைச்சரும் அவற்றில் கைவைத்துவிட முடியாது. ஏழைகளின் வருமானத்தை அமைச்சரின் சம்பளச் சீட்டில் கொண்டுவந்து நிறுத்தியது அதன் சிறந்த பகுதி. பொருளாதாரம் வளர்ந்தால் மட்டும் போதும் என்ற பழைய கணக்கைவிட இது பன்மடங்கு நியாயமானது.

ஆனால் இந்த முறை எந்த அமைச்சர் நன்றாகச் செயல்பட்டார் என்று சொல்லாது. உலகச் சந்தை ஏறினால் எல்லாருக்கும் கூடும். கொள்ளைநோய் வந்தால் எல்லாருக்கும் குறையும். மருத்துவமனைப் படுக்கைக்காகக் காத்திருப்பவருக்கோ பேருந்துக்காக நிற்பவருக்கோ இதில் விடையில்லை. தேசிய ஊக்கத்தொகைக்கு அப்பால், ஒவ்வோர் அமைச்சரின் சொந்தச் செயல்பாட்டுக்கான ஊக்கத்தொகையைப் பிரதமர்தான் முடிவு செய்கிறார் என்பதால், அந்த இடத்தில் சிங்கப்பூரும் மேலதிகாரியின் தீர்ப்புக்கே திரும்பி வருகிறது. தவிரவும், அமைச்சர்களுக்குத் தனியார் துறையை ஒட்டிய பெருஞ்சம்பளம் கொடுக்கும் நாட்டில் மட்டுமே ஊக்கத்தொகைக்குப் பொருள் உண்டு. மலேசியாவுக்கு அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் எண்களே வேண்டாம், நாடாளுமன்றம் கேள்வி கேட்கட்டும், தேர்தலில் மக்கள் தீர்ப்பளிக்கட்டும் என்று ஒதுங்கிவிடலாமா? சிலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த எவரும் இதை எளிதில் ஏற்க முடியாது. 2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம், அரசுப் பணியில் இந்தியர்களின் பங்கை 7 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக எழுதிவைத்தது. அந்த எண் எழுதப்பட்டிருப்பதால்தான் எந்தத் துறையில் எத்தனை பேர் என்று இன்றும் கேட்க முடிகிறது. இந்தியர் நலனில் அக்கறை உண்டு என்ற பொதுவான வாக்குறுதியை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. வாக்குப் பலம் குறைந்தவர்களுக்குத் தேர்தல் தீர்ப்பு தாமதமாகவே பயன் தரும், சில வேளை தரவே தராது. ஆனால் அந்த 7 விழுக்காட்டுக்குப் பொறுப்பு எந்த அமைச்சர், எந்த ஆண்டுக்குள் எவ்வளவு, ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டியவர் யார் என்பவை அதே உறுதியோடு நிலைநாட்டப்படவில்லை. திட்டம் வந்த ஓராண்டிலேயே ஆட்சி மாறியது. இலக்கு தாளில் இருக்கிறது. அதைத் தூக்கிச் சுமப்பவர் யார் என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே என் தெரிவு இதுதான். ஊழியர்களைப் பொறுத்தவரை, பொதுமக்களே எண்ணிப் பார்க்கக்கூடிய சேவைகளுக்கு மட்டும் வெளிப்படையான இலக்கு வைக்க வேண்டும். குடிநுழைவுத் துறை ஒரு மணி நேரத்தில் கடப்பிதழ் தருவதாக வாக்களித்தபோது, அதை அளக்கும் கடிகாரம் முகப்பிடத்தின் வெளியே வரிசை எண்ணோடு காத்திருப்பவர் கையில் இருந்தது. அந்த இலக்கு நீடித்ததற்கு அதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். அவ்வாறு வெளியிலிருந்து எண்ண முடியாத வேலைகளில், ஆசிரியர், செவிலியர், விசாரணை அதிகாரி ஆகியோரின் வேலைகளில், எண் தேவைதான். ஆனால் அது எங்கே தவறுகிறோம் என்று தெரிந்துகொள்வதற்கான எண்ணாக இருக்க வேண்டுமே தவிர, அவர்களின் சம்பளத்தை நிர்ணயிக்கும் எண்ணாக இருக்கக் கூடாது. வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று சோதிப்பவரே அந்த வகுப்பின் ஆசிரியர் என்றால், அவர் உண்மையை எழுதுவதால் அவருக்கு உதவி ஆசிரியர் கிடைக்க வேண்டும். கண்டனக் கடிதம் கிடைக்கக் கூடாது. கண்டனம் கிடைக்கும் என்றால் அந்தப் பிள்ளைகள் கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள், வாசிக்கத் தெரியாமலே.

அமைச்சர்களைப் பொறுத்தவரை, பிரிட்டனின் சில இலக்குகள் என்ற கட்டுப்பாட்டையும் சிங்கப்பூரின் கைவைக்க முடியாத எண்கள் என்ற பலத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டு நாடுகளும் செய்யாத ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பேன். அமைச்சருக்கு மூன்று அல்லது நான்கு இலக்குகள் போதும். அவற்றுள் ஒன்றாவது அவர் கையில் முழுமையாக உள்ள வேலையாக இருக்க வேண்டும்; டெங்கிக் காய்ச்சல் எண்ணிக்கை மழையையும் சார்ந்தது, ஆனால் புகார் கிடைத்த பகுதிக்குப் புகையடிப்புக் குழு எத்தனை நாளில் போனது என்பது அமைச்சைச் சார்ந்தது. இலக்கை அமைச்சரும் பிரதமரும் வைத்துக்கொள்ளட்டும். எண்ணிப் பார்க்கும் பொறுப்பு மட்டும் புள்ளிவிவரத் துறைக்கும் தலைமைக் கணக்காய்வாளருக்கும் போக வேண்டும். அவர்களின் அறிக்கை பிரதமர் துறை வழியாகச் செல்லாமல் நேராக நாடாளுமன்றத்துக்குச் செல்ல வேண்டும். அதை ரகசியச் சட்டத்தின்கீழ் வைக்க எவருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. 2024-இல் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டு, அரசின் உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களையும் கணக்காய்வாளர் ஆராய வழி செய்யப்பட்டது இந்தத் திசையில் வைத்த ஒரு நல்ல அடி. அதைத் தொடர வேண்டும்.

இலக்கைத் தவறவிட்ட அமைச்சரை என்ன செய்வது என்பதில்தான் என் கருத்து பலருடைய கருத்திலிருந்து மாறுபடும். தவறியவுடன் பதவி பறிபோகும் என்ற விதி, நல்ல அமைச்சரைக்கூட எளிய இலக்கைத் தேடவைக்கும். அவருக்குக் கீழுள்ள அதிகாரிகளை எண்ணைத் திருத்தவைக்கும். மாறாக, தவறிய ஒவ்வோர் இலக்குக்கும் சம்பந்தப்பட்ட நாடாளுமன்றத் தெரிவுக் குழுவின் முன் அமைச்சர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும், அந்த அமர்வு நேரலையில் ஒளிபரப்பாக வேண்டும், அந்தத் துறையின் சேவையைப் பயன்படுத்தும் பொதுமக்களில் சிலரும் அங்கே பேச அழைக்கப்பட வேண்டும். 48 மணி நேர இலக்கின் பழுதைப் பிளேருக்குக் காட்டியது எந்தக் குழுவும் அன்று, ஒரு தொலைக்காட்சி அரங்கில் தற்செயலாகக் கிடைத்த இரண்டு நிமிடம். அதைத் தற்செயலுக்கு விட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, வரவு செலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கல் ஆவதற்கு முன், முறையாகவே நடத்தலாம். அப்போது அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை விவாதிக்கும் உறுப்பினர்கள், சென்ற ஆண்டுப் பணம் என்ன செய்தது என்பதை, செலவிட்டவரிடமிருந்து மட்டுமன்றி அதற்காக வரிசையில் நின்றவரிடமிருந்தும் கேட்டிருப்பார்கள்.